எறும்பின் முதுகில் ஏற்றிய சாதி

போன மாசம் ஒரு மத்தியானம். எங்கள் வங்கிக் கிளையின் சாப்பாட்டு அறை. ஒரு பக்கம் பழைய லெட்ஜர்கள், ஒரு பக்கம் தண்ணிக் கேன், நடுவில் ஒரு மேசை. எதிரே எங்கள் அதிகாரி ஒருவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நகைக்கடனுக்கு வருகிற கிழவிகளை உட்காரச் சொல்லிப் பேசுகிறவர். அன்றைக்குப் பதவி உயர்வுப் பட்டியல் வந்திருந்தது. அந்த மாதிரி நாளில் பேச்சு எங்கே போகும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இடஒதுக்கீடு, தகுதி, திறமை என்று வழக்கமான தடத்தில் போய்க்கொண்டிருந்த பேச்சு, மேசை ஓரத்தில் சிந்திய சர்க்கரைக்கு வந்த எறும்பு வரிசையில் போய் நின்றது.

'இதப் பாருங்க தம்பி. இதுங்களுக்கு எவன் மநுதர்மம் எழுதிக் குடுத்தான்? ராணி இருக்கு, சிப்பாய் இருக்கு, வேலைக்காரன் இருக்கு. அதது அததோட வேலையப் பாக்குது. சண்டை உண்டா, சச்சரவு உண்டா? இயற்கையே அப்படித்தான் வச்சிருக்கு. நாமதான் அதக் கலைச்சுக் கலைச்சு...'

'கலைச்சு' என்ற இடத்தில் நிறுத்திக்கொண்டார். எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். 'உங்களச் சொல்லல' என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ரசம் சாதத்தை முடித்து, டப்பாவைக் கழுவி, கவுன்ட்டருக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். சமயத்தில் பதில் வாயில் வராதவன்தான் ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறான். தமிழ்நாட்டில் பாதிக் கவிஞர்கள் இப்படி உருவானவர்கள்தான்.

அன்றைக்குச் சொல்லாத பதில் இது. அவருக்கு மட்டுமான பதில் இல்லை என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் அந்தச் சொல்லுக்கு வருவோம். ஆங்கிலப் பூச்சியியல் புத்தகத்தைத் திறந்தால் ராணி, வேலைக்காரி, சிப்பாய் என்கிற பிரிவுகளுக்குப் போட்டிருக்கிற பெயர் 'காஸ்ட்'. நம்மூர்ப் பிள்ளைகள் அதைச் 'சாதி' என்று தமிழாக்கிப் படிக்கிறார்கள். அது எப்படி எறும்புக்கு வந்தது? போர்த்துக்கீசியர்கள் இங்கே வந்து, தங்கள் மொழியில் குலத்தையும் இனத்தையும் குறித்த 'காஸ்டா' என்ற சொல்லை நம் சாதிக்கு ஒட்டினார்கள். அது ஆங்கிலத்துக்குப் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியப் படிப்பாளிகள் இந்தியாவிலிருந்து போன அந்தச் சொல்லை எறும்புக்கும் கரையானுக்கும் எடுத்துக்கொண்டார்கள். 1859இல் வந்த டார்வினின் புத்தகத்திலேயே எறும்புகளின் உட்பிரிவுக்கு இந்தச் சொல் இருக்கிறது.

ஆக, என்ன நடந்திருக்கிறது? சொல் நம் சேரியிலிருந்து எறும்பு வளைக்குப் போனது. நூற்றைம்பது வருசம் அங்கே இருந்துவிட்டு, இப்போது 'இயற்கை' என்று பட்டுத் துணி கட்டிக்கொண்டு நம் சேரிக்கே திரும்பி வருகிறது. நகைக்கடன் கவுன்ட்டரில் உட்காருகிறவனுக்கு இந்தத் தில்லுமுல்லு புரியும். திருடின நகையை உருக்கி வேறு உருப்படி செய்து, பறிகொடுத்தவனிடமே கொண்டுவந்து விற்கிற வேலை இது.

சொல்லை விடுங்கள், விசயத்துக்கு வருவோம். அதிகாரி சொன்னபடியே ராணி உள்ள எறும்புகளையே எடுத்துக்கொள்வோம். உலகத்தில் விவரிக்கப்பட்ட எறும்பு இனங்கள் 14,000க்கும் மேல், அதில் பெரும்பாலானவற்றுக்கு ராணி உண்டுதான். அந்த வேலைக்காரி யாருக்குப் பிறந்தவள்? ராணிக்குப் பிறந்தவள். நாளைய ராணி யாருக்குப் பிறக்கிறாள்? அதே ராணிக்கு. இரண்டு பேரும் கூடப்பிறந்தவர்கள். அநேகமான எறும்புகளில் ஒரே மாதிரி முட்டையிலிருந்து ராணியும் வரலாம், வேலைக்காரியும் வரலாம். புழுவாக இருக்கும்போது கிடைக்கிற தீனியும் சூழலும் தீர்மானிக்கிற சங்கதி அது. விதிவிலக்கு சில உண்டு, ஆனால் பொது வழக்கு இதுதான். வேலைக்காரிக்குப் பிறந்ததால் வேலைக்காரி என்ற பேச்சே அங்கே இல்லை. ஐயா அதிகாரி அவர்களே, எறும்புச் சட்டத்தை இங்கே கொண்டுவரச் சம்மதம் என்றால் நகராட்சியில் குப்பை அள்ளுகிற பெண்கள் எல்லாரும் அரண்மனையில் பிறந்தவர்களாக இருக்க வேண்டும். சம்மதமா?

அப்புறம் அந்த 'அதது அததோட வேலை' என்பது. எறும்புக் கூட்டில் இளவயதுக்காரி உள்ளே இருந்து புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் பார்த்துக்கொள்வாள். வயது ஏற ஏற வாசலுக்கு வருவாள். பிறகு வெளியே போய் இரை தேடுவாள். ஒரே உடம்பு தன் ஆயுசுக்குள் தாதியாகவும் காவலாளியாகவும் வேட்டைக்காரியாகவும் இருந்துவிட்டுச் சாகிறது. எங்கள் கிளையில் பகுதிநேரத் துப்புரவாளர் வேலை இருக்கிறது. நான் சேர்ந்த பிறகு மூன்று பேர் மாறிவிட்டார்கள். மூன்று பேரும் ஒரே தெரு. வயது ஏறிற்று, இடுப்பு வளைந்தது, வேலை மாறவில்லை.

இனி ராணியே இல்லாத எறும்புக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நான் சின்னப்பையனாக இருந்தபோது பள்ளிக்கூட லீவில் எங்கம்மா என்னையும் தங்கச்சியையும் மேட்டுக்குக் கூட்டிப் போவார்கள். மேடு என்றால் எங்களுக்குப் போடிமெட்டு, அதைத் தாண்டி உடும்பஞ்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்கள். விடிவதற்கு முன்னால் ஜீப் வந்துவிடும். தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் ஒருத்தர்மேல் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார்கள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் யாராவது ஒருத்தி வாந்தி எடுப்பாள். ஒருநாள் லயத்துக்குப் பின்னால் இருந்த மண் திட்டில் அம்மா எனக்கு ஒன்று காட்டினார்கள். ஒரு எறும்பு வளை. வளையின் வாயைச் சுற்றிக் கோழி இறகும் காக்கா இறகும் செத்த எறும்புகளுமாகக் குத்தி வைத்தாற்போல இருந்தது. 'பாருய்யா, இதுங்க வீட்டுக்குத் தோரணம் கட்டியிருக்கு. எந்தச் சாமிக்குத் திருவிழாவோ' என்றார்கள்.

தோரணம் இல்லை அது. தண்ணித் தொட்டி. ராத்திரிப் பனி இறகில் திவலை திவலையாக இறங்கும். விடிகாலையில் எறும்புகள் வந்து அந்தத் தண்ணீரைச் சேகரித்துக்கொண்டு போகும். மார்க் மோஃபெட் என்ற ஆய்வாளர் இந்திய எறும்பின் இந்த வித்தையைப் பற்றி 1985இல் எழுதியிருக்கிறார். குழாயடியில் விரட்டப்பட்ட தலைமுறையைச் சேர்ந்த எங்கம்மாவிடம் இதைச் சொன்னபோது, 'அதுவா சங்கதி, சொந்தக் குழாய் போட்டுக்கிருச்சுங்க' என்று சிரித்தார்கள்.

அந்த எறும்பின் பெயர் டயகாமா. கட்டெறும்பு என்று நாம் ஒரே பெயரில் அடக்கிவிடுகிற பெரிய கறுப்பு எறும்புகளில் ஒன்று. சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளம், உடம்பெல்லாம் உளியால் கீறியது போல் வரி வரியாகக் கோடு. தென்னிந்தியாவில் உண்டு, இலங்கையில் உண்டு, ஜப்பானின் ஒகினாவாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதன் பங்காளிகள் உண்டு. கூட்டமும் பெரிசில்லை, சில பத்துப் பேரிலிருந்து இருநூறு சொச்சம் வரைக்கும்.

இந்த இனத்தில் ராணி கிடையாது. ராணி செத்துப்போய் இல்லாமல் ஆனதல்ல. ராணி என்கிற தனி உடம்பே இதில் பிறப்பதில்லை. எல்லாப் பெண்ணும் ஒரே அச்சு. உழைப்பாளி உடம்பு. ஆனால் ஒவ்வொருத்தியும் கூட்டுப்புழு உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்போது முதுகில் ஒரு சோடி மொட்டோடு வருகிறாள். முன் சிறகு இருந்திருக்க வேண்டிய இடத்தில், குண்டூசித் தலையைவிடச் சின்னதாக இரண்டு மொட்டு. அதில் உணர்வு மயிர் இருக்கிறது, சுரப்பி இருக்கிறது.

வெளியே வந்த கொஞ்ச காலத்துக்குள்ளேயே ஒருத்தி வந்து அந்த மொட்டைக் கடித்து எடுத்துவிடுகிறாள்.

கூட்டில் மொட்டு உள்ளவள் ஒருத்திதான். அவள்தான் முட்டையிடுகிறவள். புதிதாக வருகிற எல்லாரின் மொட்டையும் எடுத்துவிடுவது அவள் வேலை. மொட்டு இருந்தால்தான் ஒருத்தி கூட்டுக்கு வெளியே வந்து நின்று வாசனை விட்டு வேறு கூட்டிலிருந்து பறந்து வருகிற ஆணை அழைக்க முடியும், சேர முடியும். மொட்டுப் போனவள் ஆயுசுக்கும் சேர மாட்டாள். வலி எப்படி என்று நமக்குத் தெரியாது. ஆனால் மொட்டிலிருந்து மூளைப்பக்கம் போகிற நரம்பு இழைகள் அதற்குப் பிறகு நசிந்து போகின்றன, நடத்தையே மாறிவிடுகிறது என்று நுண்ணோக்கியில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எதிர்த்து நிற்க வந்தவள் ஒதுங்கிப் போகிறவள் ஆகிறாள். 1989இல் கிறிஸ்தியன் பீட்டர்ஸ் என்பவரும் அவருடைய ஜப்பானியக் கூட்டாளியும் ஆஸ்திரேலிய டயகாமாவில் இதை வெளியிட்டார்கள். அதே வருசம் ஜப்பானியக் குழு ஒன்றும் இன்னொரு டயகாமாவைப் பற்றி எழுதியது. பீட்டர்ஸ் நம் தென்னிந்திய எறும்புகளையும் தேடி வந்து பார்த்தவர், 2020இல் இறந்துபோனார். இப்போது கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் சுமனா அண்ணகிரியின் குழு நம்மூர் டயகாமாவோடு வருசக்கணக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

சேர்ந்து முட்டையிடுகிற அந்த ஒருத்திக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் 'கேமர்கேட்'. கிரேக்கச் சொல்லை உடைத்தால் அர்த்தம் 'மணமான உழைப்பாளி'. எவ்வளவு நேர்மையான பெயர் பாருங்கள். ராணி என்று பொய் சொல்லவில்லை. அவளும் உழைப்பாளிதான், மணம் ஒன்றுதான் வித்தியாசம் என்று பெயரிலேயே ஒப்புக்கொண்டுவிட்டது.

அவள் செத்தால் என்ன ஆகும்? அடுத்து உறையிலிருந்து வெளியே வருகிறவளின் மொட்டைக் கடிக்க ஆள் இருக்காது. அவள் மொட்டு தங்கிவிடும். அவள் மறுநாளிலிருந்து மற்றவர்களின் மொட்டைக் கடிக்கத் தொடங்குவாள். முந்தாநாள் வரைக்கும் சந்தர்ப்பம், நேற்றிலிருந்து சட்டம். ஒகினாவா எறும்பில் இன்னொன்றும் பார்த்திருக்கிறார்கள். மணமானவள் கூட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொருத்தியையும் உடம்பால் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சில மணி நேரம் அவள் தொடுகை படாமல் இருந்தால் மற்றவர்கள் முரண்டு பிடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதிகாரி சொன்ன 'சண்டை உண்டா சச்சரவு உண்டா' என்கிற அமைதி இப்படித் தினசரி ரோந்து போய்க் காப்பாற்றுகிற அமைதி.

இதையும் கேளுங்கள். நீலகிரிப் பக்கத்து டயகாமா ஒன்று இருக்கிறது. இலங்கைப் பெயர் கொண்ட டயகாமாவுக்கு நெருங்கிய சொந்தம். அதில் யார் மொட்டையும் யாரும் வெட்டுவதில்லை. எல்லாருக்கும் மொட்டு உண்டு. மிரட்டலிலும் இடித்துத் தள்ளுவதிலும் ஆதிக்கம் நடக்கிறது, அங்கேயும் முட்டையிடுகிறவள் ஒருத்திதான். ஒரே குடும்பத்து எறும்பு, ஒரே மலைத்தொடர், மலைக்கு மலை வழக்கம் வேறு. இன்னும் ஒன்று, 'ஹார்பெக்நேதஸ்' என்கிற குதிக்கும் எறும்பு, இதுவும் தென்னிந்தியாவில் உள்ளதுதான். இதற்கு ராணி உண்டு. ராணி செத்தால் உழைப்பாளிகள் வாரக்கணக்கில் உணர்கொம்பால் ஒருவரை ஒருவர் அடித்துச் சண்டை போட்டு, சிலர் முட்டையிடுகிறவர்களாக மாறிவிடுகிறார்கள். மாதக் கணக்கில் இருந்த ஆயுசு வருசக் கணக்காக நீள்கிறது. சூலகம் பெருக்கிறது, மூளை ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் சுருங்குகிறது. (ஆட்சிக்கு வந்தால் மூளை சுருங்குவது எறும்புக்கும் உண்டு என்று தெரிந்தபோது எனக்கு ஒரு நிம்மதி.) 2021இல் வெளியான ஆய்வில் அப்படி மாறியவர்களைப் பிரித்து வைத்துப் பார்த்தார்கள். முட்டையிடுவதை விட்டுத் திரும்ப உழைப்பாளியானார்கள். சுருங்கிய மூளை பழையபடி வளர்ந்தது.

பிறப்பிலேயே எழுதி ஒட்டப்பட்டது என்று எதைக் காட்டினார்களோ, அது எறும்பிலேயே ஒட்டவில்லை. டயகாமாவில் தாழ்வு பிறப்பில் இல்லை. பிறந்த பிறகு, பல்லால், ஒவ்வொருத்தியாகப் பிடித்துச் செய்யப்படுகிறது. தாழ்த்தப்பட்டோர் என்ற சொல்லில் உள்ள அந்தப் 'பட்ட' இருக்கிறதே, அதுதான் இது.

அதிகாரிக்கு இது போதும். இனி நம் ஆட்களுக்கு.

இந்த எறும்புக் கதையை எங்கள் வாசிப்பு வட்டத்தில் சொன்னேன். கல்லூரித் தம்பி ஒருவர் துள்ளி எழுந்தார். 'தோழர், ராணியில்லாத சமூகம்! இது ஆதிப் பொதுவுடைமை இல்லையா? இதையே நம் மாநாட்டு மலருக்கு அட்டைப்படமாப் போடலாமே!' தம்பி, கொஞ்சம் உட்காருங்கள். ராணி இல்லை என்றால் ராணித்தனம் இல்லை என்றாகிவிடுமா? நம்மூரையே பாருங்கள். போடியில் ஜமீன் இருந்தது. 1948ஆம் வருசத்துச் சட்டம் ஜமீன்களை எடுத்தது. அரண்மனைச் சுவரில் செடி முளைத்துவிட்டது. ஊர் ஊராகவும் சேரி சேரியாகவும் இருப்பதற்கு ஜமீன்தாரா தேவைப்பட்டார்? 1989இல் போடியும் சுற்றுக் கிராமங்களும் சாதிக் கலவரத்தில் எரிந்தபோது நான் கைக்குழந்தை. எங்கம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடி லயத்தில் கிடந்தார்கள். அன்றைக்குத் துரத்தி வந்தவர்களில் யாரும் மகாராசா இல்லை. அவர்களும் கூலிக்காரர்கள், எங்களைப் போல ஜீப் ஏறுகிறவர்கள். மொட்டு உள்ள உழைப்பாளிகள், அவ்வளவுதான்.

எறும்பை நான் யாருக்கும் குருவாக வைக்கவில்லை. அதிகாரிக்கும் வேண்டாம், தோழருக்கும் வேண்டாம். ஆய்வாளர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: மொட்டுப் போனவள் வளர்ப்பது தன் தாயின், அக்காவின் பிள்ளைகளை. அவள் ரத்தமும் அதில் ஓடுகிறது, பரிணாமக் கணக்கில் அவளுக்கும் ஒரு பங்கு வந்துவிடுகிறது என்று. சரி. ஊர்த்தெருச் சாக்கடையில் இறங்குகிறவனுக்கு அந்தக் கணக்கில் என்ன பங்கு? ஊர்க்காரன் பிள்ளைகளில் அவன் ரத்தம் ஓடுகிறதா? ஓடிவிடக் கூடாது என்பதற்குத்தானே இத்தனை அரிவாள்?

இங்கேதான் அம்பேத்கரிடம் போக வேண்டியிருக்கிறது. 1936இல் லாகூர்க்காரர்கள் கூப்பிட்டுவிட்டுக் கூட்டத்தையே ரத்து செய்ய, அவர் சொந்தச் செலவில் அச்சிட்ட உரையில் ஒரு வேறுபாட்டைச் சொல்கிறார். சாதியை வேலைப் பிரிவினை என்று நியாயம் பேசுகிறவர்களிடம், இது வேலையைப் பிரிப்பது இல்லை, வேலை செய்கிறவர்களையே மேல்கீழாகப் பிரித்து அடைப்பது என்கிறார். இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னாலேயே ஏலத்தோட்டத்தில் பார்த்துவிட்டேன். குனிந்து சரத்தைப் பார்த்துப் பழுத்த காயாக நிதானித்துப் பறிக்கிறவர்கள் பெண்கள், எங்கள் தெருப் பெண்கள் அதில் அதிகம். மருந்தடிக்கிறவர்கள் ஆண்கள். மேஸ்திரி வேறு ஆள், ஸ்டோரில் காயை உலர்த்திக் காவல் இருக்கிறவர் வேறு ஆள். அந்தக் காய் மலையிறங்கிப் போடிக்கு வந்து, ஸ்பைசஸ் போர்டின் மின்-ஏலத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விலை கேட்கிறவர்கள் முற்றிலும் வேறு ஆட்கள். பறிக்கிற கையும் விலை கேட்கிற கையும் ஒரு தலைமுறையில்கூட இடம் மாறுவதில்லை. எறும்பு தன் ஆயுசுக்குள்ளேயே மாறிவிடும் என்றுதானே மேலே பார்த்தோம்.

மாறியே தீர வேண்டும் என்று ஒருமுறை அந்த மலை எழுந்தது. 2015 செப்டம்பர், மூணாறு. போனசை இருபது சதவீதத்திலிருந்து பத்தாகக் குறைத்ததும் ஆயிரக்கணக்கான தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள். தொழிற்சங்கத் தலைவர்கள் பேச வந்தபோது துரத்திவிட்டார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் வந்தது. ஒன்பது நாள். கேட்ட இருபது சதவீதம் கைக்கு வந்தது. அடுத்த மாசம் 232 ரூபாய்க் கூலி 301 ஆனது, கேட்டது 500. அவர்கள் மறித்தது கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலை. அதே சாலைதான் மேட்டிலிருந்து இறங்கி எங்கள் போடிக்குள் வருகிறது. டயகாமா வீடு மாற்றும்போது ஒருத்தி முன்னால் நடப்பாள், பின்னால் வருகிறவள் உணர்கொம்பால் அவள் முதுகுப்பக்கத்தைத் தட்டித் தட்டிக்கொண்டு வருவாள். சோடி சோடியாகவே கூடு முழுக்க இடம் மாறிவிடும். மணமானவளுக்கும் இன்னொருத்திதான் வழிகாட்ட வேண்டும். மூணாறு அந்த மாதிரி நடந்தது. பிற்பாடு அதற்குள்ளும் பிளவு வந்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் வேலையைப் பற்றி மட்டும் பேசினால் பாதிதான் பேசினதாகும். லாகூருக்கு இருபது வருசம் முன்னால், 1916 மே மாசம், கொலம்பியாவில் மாணவராக இருந்த அம்பேத்கர் ஒரு கட்டுரை வாசிக்கிறார். அப்போது வயது இருபத்தைந்து. சாதி எதனால் நிற்கிறது? தீட்டாலா, சோற்றாலா, தொழிலாலா? இல்லை, அகமணத்தால் என்கிறார். குழுவுக்குள்ளேயே மணத்தை அடைத்து வைக்க வேண்டும் என்றால் துணை செத்துத் தனியாக மிஞ்சுகிற பெண்ணை என்ன செய்வது என்ற கேள்வி வரும். எரி, அல்லது விதவையாக்கி மூலையில் உட்கார வை. மிஞ்சுகிற ஆணுக்குச் சின்னப் பிள்ளையைக் கட்டி வை. இப்படி ஒவ்வொரு கொடுமையும் மணத்தை அடைக்கிற பூட்டாக வந்தது என்று கணக்கு வாத்தியார் மாதிரிப் பிரித்துக் காட்டுகிறார்.

எறும்பு மொட்டில் கடிக்கிறது. கால் போனால் உழைப்புப் போய்விடும், கொம்பு போனால் வழி தெரியாமல் போய்விடும். உழைப்பு வேண்டும், சேர்க்கை வேண்டாம். அதனால் மொட்டு. நம் ஊரிலும் அதேதான். எங்கம்மா பறித்த ஏலக்காய் ஊர்த்தெருப் பாயசத்தில் மணக்கலாம். எங்கம்மா பெற்ற பிள்ளை அந்த வீட்டுப் பெண்ணோடு பஸ் ஸ்டாண்டில் நின்று பேசக் கூடாது. 2013இல் இளவரசன் தர்மபுரித் தண்டவாளத்தில் கிடந்தான். 2015இல் கோகுல்ராஜ், அதுவும் தண்டவாளம்தான். 2016இல் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தில், பட்டப்பகலில், கேமரா பார்த்துக்கொண்டிருக்கச் சங்கர். இவர்களில் யாரும் யாருடைய நிலத்தையும் கேட்கவில்லை.

டயகாமாவில் கடிக்கிறவள் அந்நியக் கூட்டத்துக்காரி இல்லை என்பதைக் கவனித்தீர்களா? தாய். அல்லது தாய்க்குப் பின்னால் அந்த இடத்துக்கு வந்த அக்கா. இந்த இடத்தில் எழுத்தை நிறுத்திவிட்டு நாலு நாள் பேனாவைத் தொடாமல் இருந்தேன். ஏனென்றால் இனி என் வீட்டைச் சொல்ல வேண்டும்.

என் தங்கச்சி பி.காம். படித்துவிட்டு ஒரு ஏலக்காய்க் கமிசன் மண்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். ஒரு பையனைப் பிடித்துப்போயிற்று. அருந்ததியர் வீட்டுப் பையன், அவன் அம்மா நகராட்சித் துப்புரவில் இருக்கிறார். நாங்கள் வேறு. ஊர்த்தெருக்காரனுக்கு எங்கள் இரண்டு தெருவும் ஒன்றுதான், எங்களுக்கு இல்லை. எங்கள் தெரு மேலே, அவர்கள் தெரு வாய்க்காலுக்குக் கீழே. நான் அப்போது ஏப்ரல் 14 மேடையில் அகமணம் ஒழிக என்று கவிதை வாசித்துக் கைதட்டு வாங்கிய ஆள். வீட்டில் விசயம் வெடித்த அன்று நான் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. 'கொஞ்சம் பொறும்மா, அய்யாவுக்கு நெஞ்சு வலி இருக்குல்ல' என்றேன். அவள் போனை வாங்கி என் ஆபீஸ் பையில் போட்டுக்கொண்டேன். பதினொரு நாள் அது என் பையில் இருந்தது. ராத்திரி அது பைக்குள்ளிருந்து அதிர்கிற சத்தம் கேட்கும். நான் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன்.

பன்னிரண்டாம் நாள் அவள் போனை என் பையிலேயே விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டாள். அங்கே பதிவு செய்துகொண்டார்கள். இரண்டு வருசம் பேச்சில்லை. முதலில் போனது எங்கம்மாதான், யாரிடமும் சொல்லாமல், ஒரு தூக்குச்சட்டியோடு, ஒத்தையாக பஸ் ஏறி.

அருந்ததியர் உள்ஒதுக்கீடு 2009இல் வந்தபோதும், 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் உட்பிரிவு செல்லும் என்று சொன்னபோதும் நம் இயக்கத்து ஆட்கள் சிலர் போட்ட கூச்சல் எனக்கு இப்போது வேறு மாதிரி கேட்கிறது. 'தலித் ஒற்றுமைக்குக் குந்தகம்' என்றார்கள். எந்த ஒற்றுமை? எத்தனை பேர் வீட்டில் வாய்க்காலைத் தாண்டிச் சம்பந்தம் நடந்திருக்கிறது? மாநாட்டு மேடையில் எத்தனை பெண் பேசினாள், சமையல் கொட்டகையில் எத்தனை பெண் இருந்தாள்? மேலே இருக்கிறவன் நம் மொட்டைக் கடித்தான் என்று முழங்குகிற வாயில், நமக்குக் கீழே என்று நாம் வைத்தவனின் மொட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்று கேட்பீர்கள். அந்த யோக்கியதை என் பையில் பதினொரு நாள் அதிர்ந்துகொண்டிருந்தது.

இந்தக் கட்டுரையைப் போன ஞாயிற்றுக்கிழமை தங்கச்சிக்கு வாசித்துக் காட்டினேன். பொங்கலுக்கு வரும்போது பிள்ளையை மேட்டுக்குக் கூட்டிப் போய் அந்த இறகு வளையைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள், அது இன்னும் இருக்கிறதா என்று பார்த்து வைக்கச் சொன்னாள். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டாள்: 'அந்த எறும்பு கடிச்சதுக்கப்புறம் இப்படிக் கட்டுரையெல்லாம் எழுதுமாண்ணே?'

இதழ் வந்ததும் ஒரு பிரதியை எங்கள் அதிகாரியின் மேசைமேல் வைப்பதாக இருக்கிறேன். தபால் செலவு மிச்சம். சர்க்கரை சிந்திய இடத்தை அன்றைக்கே துடைத்துவிட்டார்கள். யார் துடைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை.